ஒரு வீட்டை வைத்தே சமூகவியல் படிக்கலாம்: முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு

சமூகவியலை முதன்முதலாக எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். டியூட் என்ற பாடக்குறிப்பைத் திறந்து, இந்தப் பாடத்தின் முன்னோடிகளான டுர்கைம் என்ன சொன்னார், வெபர் என்ன சொன்னார் என்று வரைவிலக்கணங்களுக்குக் கீழே கோடு போட்டுப் பாடமாக்குவது, பரீட்சைக்கு முதல் நாள் இரவு யார் எதைச் சொன்னார் என்பது எல்லாம் கலந்து குழம்பிப்போய் நிற்பது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் படித்தாலும் சரி, வேலைக்குப் போய்க்கொண்டு வெளிவாரியாகப் படித்தாலும் சரி, இதே கதைதான். பாடம் கஷ்டம் என்பதால் இப்படி ஆவதில்லை. உதாரணங்கள் எல்லாம் பிரான்சிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்க, நாங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து அவற்றை வெறும் வசனங்களாகப் படிப்பதால்தான் ஆகிறது.

நான் சொல்லும் வழி இதுதான்: உங்கள் ஊரில் உள்ள ஒரே ஒரு விஷயத்தைத் தெரிவு செய்யுங்கள், முழு வருடமும் அதை விடாதீர்கள். வகுப்பில் புதிதாக ஒரு எண்ணக்கரு வந்தால் அன்றைக்கே அதைக் கொண்டுபோய் அந்த விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் எங்கே பொருந்துகிறது என்று எழுதுங்கள், பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். இரண்டாவதுதான் அதிகம் படிப்பிக்கும்.

எதைத் தெரிவு செய்வது? பணம், உறவு, ஊர்க்கட்டுப்பாடு மூன்றும் கலந்திருக்கும் ஏதாவது ஒன்று. வயல் வெட்டு, கண்ணகை அம்மன் சடங்கு, பள்ளிவாசல் நிர்வாகம், சந்தையில் மீன் ஏலம், ஓட்டோ தரிப்பிடம் எல்லாமே நல்லவை. இங்கே நான் காட்டப்போவது எங்கள் பகுதியில் யாருக்கும் புதிதில்லாத ஒன்று: மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது.

தெரியாதவர்கள் இருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி வீடு பற்றியதுதான். பிள்ளை ஓஎல் (சாதாரண தரம்) படிக்கும்போதே அத்திவாரம் வெட்டுகிறார்கள். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். இரண்டாவது மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும், தாயும் தகப்பனும் கடைசியில் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு, சில நேரம் ஒரு கொட்டிலுக்குப் போய்விடுவார்கள். வீட்டின் உறுதிப்பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்படும். இதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பாடத்துக்குள் போவோம்.

முதலில் பார்வையைப் பழக்குவது

முதல் பாடத்தில் வரும் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரை மறக்கவேண்டாம். 1959-இல் அவர் முன்வைத்த சமூகவியல் கற்பனைத்திறன் என்ற எண்ணக்கருவின் மையம், தனிப்பட்ட தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்துப் பார்ப்பது. அவருடைய உதாரணம் எளிமையானது. ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய தொல்லை, அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடி தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்ந்து பயனில்லை, வாய்ப்புகளின் அமைப்பே உடைந்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வீட்டுக்குக் கூரை போட நுண்கடன் எடுத்த ஒரு தாய், கட்ட முடியாமல் வாராவாரம் ஆட்கள் கடப்படியில் வந்து நிற்கும்போது, "என்ட தலைவிதி" என்றுதான் சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் "அவ கணக்குப் பார்க்கத் தெரியாதவ" என்பார். ஆனால் அதே ஒழுங்கையில் எத்தனை வீட்டில் அதே கதை? தங்கச்சியின் வீட்டுக்காகக் கட்டாருக்குப் போன அண்ணன்மார் எத்தனை பேர், மகளின் வீட்டுக்காகச் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மார் எத்தனை பேர்? 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. கணக்குத் தெரியாத ஒரு தாயின் விஷயமாக இருந்திருந்தால் அது அமைச்சரவை வரைக்கும் போயிருக்காது. இந்த ஒரு பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பாடத்தின் வாசல் திறந்துவிடும்: ஒருவரின் வாயில் விதி, குணம், அதிர்ஷ்டம் என்ற சொற்கள் வரும்போதெல்லாம், இதே நிலையில் இன்னும் எத்தனை பேர், இவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அடிப்படை எண்ணக்கருக்கள்

டுர்கைம் 1895-இல் சமூக உண்மை என்று ஒன்றை வரையறுத்தார். தனிமனிதனுக்கு வெளியே இருக்கும், அவனைக் கட்டுப்படுத்தும், இந்த இரண்டும்தான் அடையாளம். பாடமாக்கினால் மறந்துபோகும். வீட்டில் பொருத்தினால் மறக்காது. மகளுக்கு வீடு கொடு என்று இன்று எந்தச் சட்டமும் ஒரு தகப்பனை வற்புறுத்துவதில்லை. மட்டக்களப்பின் பழைய சொத்துரிமை வழக்கமான முக்குவர் சட்டம் நீதிமன்றங்களில் இப்போது நடைமுறையில் இல்லை. பொலிஸ் வராது, வழக்கு வராது. ஆனாலும் ஒரு தகப்பன் "நான் வீடு கட்டமாட்டேன்" என்று நினைத்துவிட முடிகிறதா பாருங்கள். அவர் பிறப்பதற்கு முன்பே இருந்த வழக்கம், அவர் இறந்த பிறகும் இருக்கும், அவரைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்புகிறது. எங்கே இருக்கிறது அந்தக் கட்டளை என்று தேடினால் ஒருவர் கையிலும் இருக்காது. அதுதான் சமூக உண்மை.

விழுமியத்துக்கும் நியமத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நிறையப் பேர் புள்ளியை இழக்கிறார்கள். எது நல்லது, எது மதிப்பானது என்ற பொது எண்ணம் விழுமியம். அந்த எண்ணத்தை நடத்தையாக்கும் விதி நியமம். பெண்பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது விழுமியம், கலியாணத்துக்கு முதல் வீடு முடிந்திருக்கவேண்டும் என்பது நியமம். நியமத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: மீறினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் சம்னர் 1906-இல் நியமங்களை இரண்டாகப் பிரித்தது இந்த அடிப்படையில்தான். கலியாணம் சொல்ல வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டம் வைக்காவிட்டால் முகம் சுளிப்பார்கள், அதோடு சரி, அது வெறும் வழக்காறு. தாய்வழியாக வரும் குலப்பிரிவான குடி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்றாக இருந்தும் கலியாணம் செய்தால் சுளிப்போடு முடியாது, பெரியவர்கள் வந்து நிற்பார்கள், அது ஒழுக்கம் சார்ந்த கடும் நியமம். தண்டனையின் கனம்தான் நியமத்தின் கனம்.

அந்தஸ்து, வகிபாகம். சமூகத்தில் ஒருவர் வகிக்கும் இடம் அந்தஸ்து, அந்த இடத்தில் இருப்பவரிடம் எதிர்பார்க்கும் நடத்தை வகிபாகம். ரால்ஃப் லின்டன் 1936-இல் பிறப்பால் வருவது, உழைத்துப் பெறுவது என்று அந்தஸ்தை இரண்டாக்கினார். தாய்வழியாக வரும் குடி பிறப்பால் வருவது, டீச்சர் உத்தியோகம் உழைத்துப் பெறுவது. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். கொஞ்சம் மேலே போகவேண்டுமென்றால் வகிபாக முரண்பாட்டைக் காட்டுங்கள். கிராம சேவகர் ஒருவர் தன் மச்சானின் காணிக்குக் கடிதம் கொடுக்கவேண்டி வருகிறது, காணியில் பிணக்கு இருக்கிறது. உத்தியோகத்தர் என்ற வகிபாகம் ஒன்று சொல்லும், மச்சான் என்ற வகிபாகம் வேறொன்று சொல்லும். அவர் நல்லவரா கெட்டவரா என்று எழுதவேண்டாம், அவரை இழுக்கும் இரண்டு கயிறுகளையும் எழுதுங்கள்.

பிள்ளை தன் சமூகத்தின் வழக்கங்களைப் பழகிக்கொள்ளும் சமூகமயமாக்கல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாசித்தாலே விளங்கும் பகுதி அது. வளவில் விளையாடும் சின்னப் பெண்பிள்ளையிடம் "இது உன்ட வீடு" என்றும் தம்பியிடம் "நீ போற ஆள்தானே" என்றும் பகிடியாகச் சொல்வதைக் கவனித்தால் போதும்.

மூன்று கோட்பாடுகள், மூன்று கேள்விகள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்கவேண்டும். செயற்பாட்டுவாதம், முரண்பாட்டுவாதம், குறியீட்டு இடைவினைவாதம் என்று மூன்றையும் மூன்று பதில்களாகப் படித்தால் எது சரி என்ற குழப்பம் வரும். கேள்விகளாகப் படியுங்கள். முதலாவது, இது சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கும். இரண்டாவது, இதில் யாருக்கு ஆதாயம், யார் கையில் அதிகாரம் என்று கேட்கும். மூன்றாவது, இதில் இருப்பவர்களுக்கு இது என்ன பொருள் தருகிறது, முகத்துக்கு முகம் எப்படி நடக்கிறது என்று கேட்கும்.

செயற்பாட்டுவாதத்தில் ரொபர்ட் மேர்ட்டன் 1949-இல் பிரித்துக் காட்டிய வெளிப்படையான செயற்பாடு, மறைவான செயற்பாடு இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். வீடு கொடுப்பதன் வெளிப்படையான நோக்கம் மகளின் வாழ்க்கைக்கு ஓர் ஆதாரம். யாரும் திட்டமிடாமல் கூடவே நடப்பவை வேறு. அக்காவும் தங்கச்சியும் ஒரே வளவில் இருப்பதால் பிள்ளைகள் பெரியம்மா, சின்னம்மா கையில் வளர்கிறார்கள், ஒருவருக்கு வருத்தம் என்றால் உலை கொதிக்க இன்னொரு அடுப்பு இருக்கிறது, கணவன் விட்டுப்போனாலும் செத்துப்போனாலும் அவள் தெருவில் நிற்கமாட்டாள். யுத்த காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு இந்த வழக்கம்தான் கூரையாக இருந்தது. மேர்ட்டன் இதோடு நிற்கவில்லை, பாதகமான விளைவுகளும் உண்டு என்றார். நான்கு மகள்மார் உள்ள குடும்பத்தின் கடனையும், முப்பத்தைந்து வயது வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணனையும் அங்கே எழுதவேண்டும்.

மார்க்ஸுக்கு வரும்போது ஒரு பொதுவான பிழையைத் தவிருங்கள். அவருடைய வர்க்கம் என்பது பணக்காரன், ஏழை என்ற பிரிப்பு இல்லை. உற்பத்திச் சாதனம் யார் கையில், உழைப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில் போடியாரையும் முல்லைக்காரரையும் வயற்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெல் விளைவது வயற்காரரின் உடம்பால், காணி போடியாருடையது, இடையில் நின்று மேற்பார்வை செய்பவர் முல்லைக்காரர். இந்த உறவைக் கோடு போட்டு வரைந்துவிட்டுத்தான் மார்க்ஸைப் படிக்கவேண்டும். பிறகு அதை வீட்டோடு சேருங்கள். போடியாரின் மகளுக்குக் கல்வீட்டோடு வயலும் போகிறது, வயற்காரரின் மகளுக்கு ஓர் அறையும் ஒரு விறாந்தையும். சீதனம் என்ற ஒரே வழக்கத்துக்குள் சொத்து தலைமுறை தலைமுறையாக அதே கைகளில் தங்கிவிடுகிறது.

வெபரை மார்க்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுலபம். வர்க்கம் மட்டும் போதாது, கௌரவம் தனி, கட்சி போன்ற அதிகார அணி தனி என்றார் அவர். திருவிழா நாளில் கோயிலில் நின்று பாருங்கள். காணி எல்லாம் விற்றுத் தீர்ந்த ஒரு முதிய வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) காளாஞ்சி என்ற கோயில் மரியாதையை வாங்குகிறார், மூன்று மாடி கட்டிய வெளிநாட்டுக்காரர் கூட்டத்தில் நின்று கும்பிடுகிறார். காளாஞ்சி குடி முறைப்படி போகும், வங்கிக் கணக்கைப் பார்த்துப் போகாது. முஸ்லிம் ஊர்களில் குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் என்ற நிர்வாகிகளை வைத்த முறையிலும் இதையே பார்க்கலாம். மாடிவீட்டுக்காரர் அடுத்த வருடம் கோபுரத்துக்குக் காசு கொடுத்து, அதற்கடுத்த வருடம் நிர்வாகத்தில் இடம் கேட்டால், பணத்தைக் கௌரவமாக மாற்றும் முயற்சி உங்கள் கண்முன்னே நடக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளைவிட நல்ல இடம் இல்லை. முன் விறாந்தைக்கு டைல்ஸ் பதித்து, சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கடன் வாங்கிய கதிரைகளைப் போட்டிருப்பார்கள். பின்னால் குசினிச் சுவர் இன்னும் பூசப்படாமல் புளொக் கல் தெரியும், தூணில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், குசினிக்குள் ரோல்ஸ் பொரிக்கிற சின்னம்மா மாப்பிள்ளையின் தாய் போட்டிருந்த நகையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கதவு நிலையைத் தாண்டும்போது அவருடைய முகமும் குரலும் மாறும். அந்த நிலைப்படியில்தான் சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் இருக்கிறார். முன்மேடை, பின்மேடை என்று அவர் எழுதியது ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் ஒரு சிறிய ஹோட்டலின் சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் கவனித்ததிலிருந்து வந்தது, 1956-இல் முதலில் வெளியானது. அதே நாளில் சார்ள்ஸ் கூலியையும் பார்த்துவிடலாம். மற்றவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்று ஊகித்து, அவர்கள் என்ன தீர்ப்பு வைத்திருப்பார்கள் என்று ஊகித்து, அதிலிருந்து பெருமையோ வெட்கமோ அடைவதைத்தான் அவர் 1902-இல் கண்ணாடித் தன்னிலை என்று சொன்னார். பெண்ணின் தகப்பன் அன்றைக்குத் தன் வீட்டைத் தன் கண்ணால் பார்ப்பதில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் உதாரணம்

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் பாடம் முழுவதும் அடங்கிய ஒரு விஷயம் எங்கள் கடற்கரையிலேயே நடந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, கல்லடியிலிருந்து மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க வீடுகள் போயின. அவற்றில் பெரும்பகுதி பெண்களின் வீடுகள், தாய் கொடுத்தவை, உறுதி பெண் பெயரில் இருந்தவை. பிறகு உதவி வந்தது, புதிய வீடுகள் கட்டினார்கள். ஆனால் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டு, காணியும் வீடும் அவர் பெயருக்கே போயின. தலைமுறைகளாகப் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு வந்த ஒன்று ஒரு படிவத்தால் கை மாறியது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

இதை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்யாமலே, எல்லோருக்கும் ஒரே விதி என்ற பணிக்குழு ஒழுங்கு, அதாவது விதிப்படி நடக்கும் அலுவலக நிர்வாகம், ஓர் ஊரின் வழக்கத்தை எப்படிக் காணாமல் விடுகிறது என்று வெபரைக் கேட்கலாம். மரபுவழி அதிகாரமும் சட்டமுறை அதிகாரமும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. குடும்பத்துக்குத் தலைவர் ஆண்தான் என்ற எண்ணத்தால் யாருக்கு ஆதாயம் என்று முரண்பாட்டுவாதிகளையும் பெண்ணிலைவாதிகளையும் கேட்கலாம். மாமியார் வீட்டில் மருமகனாக இருந்தவர் தன் பெயரில் உள்ள வீட்டில் இருக்கத் தொடங்கியபோது, விறாந்தையில் அவர் உட்காரும் விதமும் கதைக்கும் விதமும் மாறியதா என்று இடைவினைவாதிகளைக் கேட்கலாம். ஒரு பெண் வீட்டை இழந்தால் அவளுடைய மகள் கலியாணத்துக்கு என்ன கொடுப்பாள் என்பது செயற்பாட்டுவாதியின் கேள்வி.

கொஞ்சம் களவேலை

பரீட்சைக்கு மட்டும் என்றாலும் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் உறவு வரைபடத்தைத் தாய்வழியில் மூன்று தலைமுறைக்குப் போடுங்கள், பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம், ஒவ்வொருவருக்கும் குடி, அவர் இருக்கும் வளவு. போடும்போதே ஒன்று தெரியும். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் உங்கள் குடி, ஆகவே கலியாணம் இல்லை. மாமாவின் பிள்ளைகள் மாமியின் குடி, ஆகவே மச்சான், மச்சாள். ஆனால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளின் குடி அவர்களுடைய தாயின் குடி, அது உங்கள் குடியாக இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் அவர்கள் அண்ணன், தங்கச்சி முறைதான். குடி விதி ஒன்று, முறை விதி இன்னொன்று, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு உறவுமுறை அத்தியாயத்தில் வேறு உதவி தேவையில்லை.

ஆட்களிடம் கதைக்கும்போது "ஏன் வீடு கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் "அது வழக்கம்" என்று முடித்துவிடுவார்கள். "உங்கள் வீடு எப்படிக் கட்டினார்கள், முதலில் யார் காசு தந்தது, உறுதி எப்போது எழுதியது" என்று கேளுங்கள், ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள், பெயர் போடவேண்டாம், கடனைப் பற்றிச் சொன்னதை வேறு வீட்டில் வாய்திறக்கவேண்டாம்.

இன்னொன்று, தமிழ்ப் பிள்ளை என்றால் ஒரு முஸ்லிம் வீட்டிலும், முஸ்லிம் பிள்ளை என்றால் ஒரு தமிழ் வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஆரையம்பதியும் காத்தான்குடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குடி என்ற அமைப்பும் மகளுக்கு வீடு கொடுப்பதும் இரண்டு பக்கமும் இருப்பதைப் பார்த்த பிறகு, தன் குழுவின் அளவுகோலால் மற்றவரை அளக்கும் இனமையவாதம் பற்றிச் சம்னர் சொன்னதை எழுதுவது வேறு மாதிரி இருக்கும். 1377-இல் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் முகத்திமா என்ற தன் நூலில் எழுதிய அஸபிய்யா என்ற கூட்டுணர்வையும், சமூகத்தை ஒன்றாகப் பிணைப்பது பற்றிய டுர்கைமின் ஒருமைப்பாட்டையும் ஒப்பிடவும் இதுதான் சரியான இடம், பல பிள்ளைகள் இந்த ஒப்பீட்டைத் தொடுவதே இல்லை.

விடை எழுதும்போது

வரைவிலக்கணத்துக்கு ஒரு வசனம், யார் எப்போது என்பதற்கு இன்னொன்று, அதற்கு மேல் போகவேண்டாம். பிறகு உங்கள் உதாரணத்தை நான்கைந்து வசனத்தில் விரித்து, எண்ணக்கருவின் ஒவ்வொரு பகுதியும் அதில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சமூக உண்மை என்றால் வெளியே இருப்பது எது, கட்டுப்படுத்துவது எது, இரண்டையும் தனித்தனியாகக் காட்டாவிட்டால் உதாரணம் கதையாகிவிடும். கோட்பாடுகளை ஒப்பிடச் சொன்னால் மூன்று பந்தியில் மூன்றையும் தனித்தனியாக எழுதி விடாதீர்கள், ஒரே உதாரணத்தை நடுவில் வைத்து, இவர் பார்ப்பதை அவர் ஏன் பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

விமர்சன ரீதியாக ஆராய்க என்று வினாத்தாளில் வந்தால் புத்தகத்தில் உள்ள விமர்சனப் பட்டியலைக் கொட்டவேண்டாம். அந்தக் கோட்பாட்டுக்குப் பிடிபடாத ஒன்றை உங்கள் வீட்டிலிருந்தே எடுங்கள்: செயற்பாட்டுவாதத்துக்கு நான்கு மகள்மாரின் கடன், மார்க்ஸுக்குக் காணியில்லாத வண்ணக்கரின் காளாஞ்சி, கொஃப்மனுக்குக் குடும்பத் தலைவர் என்ற அந்தக் கட்டம்.